பெல்ட்டைக் கழற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டவர்கள்

கார் மெக்கானிக்கைக் கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் வண்டி கெட்டுப்போனதற்காகக் கூப்பிடுகிறார்கள். மீதிப் பேர் வண்டியைத் தாங்களே சரிசெய்துவிட்டதற்காகக் கூப்பிடுகிறார்கள்.

நான் இந்த இரண்டாவது கூட்டத்தாரின் மெக்கானிக். நாமக்கல்லில் ஒரு லாரிப் பட்டறையில் பல வருஷம் வேலை பார்த்தேன். முதுகு இனிமேல் லாரிக்கு அடியில் படுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டதால், ஒரு பழைய வேனில் சாமான்களை ஏற்றிக்கொண்டு வீடு வீடாகப் போய் கார் வேலை செய்கிறேன். வடக்கே சேலம், தெற்கே மோகனூர், இதற்கு நடுவில் யார் வீட்டு வாசலில் பானெட் திறந்து கிடந்தாலும் எனக்குப் போன் வரும்.

எத்தனையோ வேலை இருக்க, இங்கே பெல்ட்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். எஞ்சினின் பக்கவாட்டில் ஓடுகிற அந்தக் கறுப்பு ரப்பர் பெல்ட். நம் ஊரில் எல்லாருக்கும் அது ஃபேன் பெல்ட்தான். இப்போதைய கார்களில் அது ஃபேனைச் சுற்றுவதே இல்லை. டைனமோவைச் சுற்றுகிறது, ஏசியைச் சுற்றுகிறது, தண்ணீர் பம்பைச் சுற்றுகிறது. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை, நானும் சொல்வதை விட்டுவிட்டேன். பார்க்கப் பாவாடை நாடா மாதிரி சாதுவாக இருக்கும். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஆளாளுக்கு அதில் கை வைக்கிறார்கள். என் இனத்து மெக்கானிக்குகளே, நீங்களும் பட்டிருப்பீர்கள். கார் வைத்திருப்பவர்களே, நீங்கள் பட்டதும் எனக்குத் தெரியும். அப்போது நானும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.

கத்தினால் எண்ணெய்

எருமப்பட்டிக்குப் பக்கத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் ஒருவர் போன் செய்தார். காலையில் காரை ஸ்டார்ட் செய்தால் கீச்சென்று கத்துகிறதாம். கோழிகள் மிரண்டு தீவனத்தைத் தொடமாட்டேன் என்கின்றனவாம். முட்டை குறைந்தால் யார் பொறுப்பு என்று என்னைக் கேட்டார். அவர் வண்டியை நான் அதுவரை பார்த்ததுகூட இல்லை. இருந்தாலும் போனேன்.

பானெட்டைத் திறந்ததும் சமையலறைக்குள் நுழைந்தது மாதிரி வாசனை வந்தது. விசாரித்தேன். யாரோ சொன்னார்கள் என்று முதலில் குளியல் சோப்பைத் தேய்த்திருக்கிறார். இரண்டு நாள் சத்தம் இல்லை. மறுபடி கத்தியதும் தேங்காய் எண்ணெய். அரை நாள் அமைதி. அதற்கப்புறம் விளக்கெண்ணெய், கடைசியில் வேப்பெண்ணெய். நான் பார்த்தபோது, சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு உட்கார வைத்த குழந்தை மாதிரி பெல்ட் பளபளவென்று இருந்தது. தான் ஓடுகிற எந்த உருளையையும் அது பிடிக்கவே இல்லை, தன்பாட்டுக்கு வழுக்கிக்கொண்டிருந்தது. பாட்டரி விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

ஒவ்வொரு உருளையாகத் துடைத்து எண்ணெய் எடுப்பதற்குள் எனக்கு இடுப்பு போய்விட்டது. புது பெல்ட்டை மாட்டிவிட்டுப் பொறுமையாக விளக்கினேன். வழுக்குவதால்தான் கத்துகிறது, எண்ணெய் விட்டால் இன்னும் வழுக்கும், இது ரப்பர், இதற்கு எண்ணெயே ஆகாது என்றேன். கையைக் கட்டிக்கொண்டு, தலையை ஆட்டிக்கொண்டு, கடைசிவரை கேட்டார். கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்: “நீங்க சொல்றது சரிதானுங்க. ஆனா கதவு கத்துனா எண்ணெய் உடறோம், தையல் மிசினு கத்துனா எண்ணெய் உடறோம், இது ஒண்ணு மட்டும் ஏனுங்க இப்பிடி அடம் புடிக்குது?”

பதினோரு போட்டோ

பெல்ட்டைக் கழற்றுவதற்கு முன்னால், அது எந்த உருளைக்கு மேலே போகிறது, எதற்குக் கீழே போகிறது என்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். சேலம் அம்மாபேட்டையில் தறி வைத்துப் பட்டுச்சேலை நெய்து விற்கும் ஒருவர் மட்டும்தான் என் பேச்சை மதித்து அப்படியே செய்தவர். அதனால் அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, வருத்தம்தான் வந்தது.

நான் போனபோது பழைய பெல்ட் தரையில் கிடந்தது. புதியது எஞ்சினுக்குள் பாதியும் வெளியே பாதியுமாகத் தொங்கியது. காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்தாராம். அப்போது மணி மூன்று. சட்டையில் கறுப்பு, நெற்றியில் கறுப்பு. “தறியில ஆயிரக்கணக்குல இழை கோத்தவன் நான். ஒத்த வாரைக் கோக்க முடியலையேன்னு மானம் போவுதுங்க” என்றார். போட்டோ எடுத்தீர்களா என்று கேட்டேன். முகம் மலர்ந்துவிட்டது. எடுக்காமல் இருப்போமா என்று சொல்லி மனைவியைக் கூப்பிட்டார். அந்த அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து போனை நீட்டினார்.

பதினோரு போட்டோ. முதல் படத்தில் அவர் பானெட்டில் கை வைத்து நிற்கிறார். இரண்டாவதில் ஸ்பேனரைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். மூன்றாவதிலிருந்து எட்டாவதுவரை சிரிக்கிறார். ஒன்பதாவதில் எஞ்சினுக்குள் குனிகிறார். பின்னந்தலை தெளிவாக விழுந்திருக்கிறது. பத்தாவதில் பெல்ட் வெளியே வந்துவிட்டது, அதை மாலை மாதிரி கழுத்தில் போட்டிருக்கிறார். பதினொன்றாவதும் அதேதான், கொஞ்சம் கிட்டத்தில் எடுத்தது. பெல்ட் எஞ்சினில் இருப்பது தெரிகிற படம் ஒன்றுகூட இல்லை. அவர் மனைவியைப் பார்த்த பார்வையில் நான் ஓரடி பின்னால் நகர்ந்தேன். அந்த அம்மா அசரவில்லை. “போட்டோ எடுன்னீங்க, எடுத்தேன். எஞ்சினை எடுன்னு எப்ப சொன்னீங்க?”

நாலு முழமும் ஒரு சாணும்

நான் உதிரிப் பாகம் வாங்குவது சேலத்தில் ஜாபர் பாய் கடையில். தலை நரைக்கும்வரை அதே கவுண்டரில் நின்றவர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஒருநாள் நான் அங்கே நிற்கும்போது ஒருவர் வேகமாக வந்து, “வெள்ளைக் காருக்கு ஒரு ஃபேன் பெல்ட்டு குடுங்க” என்றார். என்ன மாடல் என்று கேட்டார் பாய். மச்சானுடைய வண்டி, மாடல் தெரியாது என்று பதில் வந்தது. பழைய பெல்ட்டின் முதுகில் ஒரு நம்பர் அச்சடித்திருக்குமே, அதைக் கொண்டுவந்தீர்களா என்றார் பாய். கழற்றி வாசலில் போட்டதும் தெருநாய் தூக்கிக்கொண்டு போய்விட்டதாம். “ஆனா அதுக்கு முன்னாடியே அளவு எடுத்துட்டேங்க” என்று அவர் முழங்கையை நீட்டினார். நாலு முழமும் ஒரு சாணும். தன் கையால் மூன்று தடவை அளந்து பார்த்தாராம், மாறவே இல்லையாம். பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: “தம்பி, பூக்கடை பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்குது.”

கையை எடுத்துவிட்டு மாட்டுங்கள்

சேலத்தில் வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஒருவர், வீடியோ பார்த்துப் பெல்ட் மாற்ற ஆரம்பித்தார். கவிழ்த்த பக்கெட்டின் மேல் லேப்டாப், அதில் ஒரு வெள்ளைக்காரர். அவர் காருக்கு ஸ்டியரிங் இடது பக்கம், எஞ்சினும் வேறு. வெள்ளைக்காரர் ஒரு சிரிப்புச் சிரித்து ஒற்றைக் கையால் பெல்ட்டை உருவுகிறார். நம்மவருக்கு அந்த இடத்தில் கையே உள்ளே போகவில்லை. பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற அந்த ஸ்பிரிங் கையை எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்று சொல்லப்போகிற நேரம் பார்த்து ஒவ்வொரு தடவையும் விளம்பரம் வந்துவிட்டதாம். எனக்குப் போன் செய்தார்.

நான் பெல்ட்டை மாட்டி முடித்துவிட்டு நிமிர்ந்தபோதுதான், ஒரு குச்சியில் போனைச் சொருகி என் பக்கம் திருப்பி வைத்திருப்பதைப் பார்த்தேன். “அண்ணா, ஒருதடவை கழட்டிட்டு மறுபடி மாட்டுங்க, ஃபோகஸ் ஆகலை” என்றார். ஏன் அந்தப் பேச்சைக் கேட்டேன் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. கழற்றினேன். மாட்டப் போனேன். “அண்ணா, கையை எடுத்துட்டு மாட்டுங்க, பெல்ட்டை மறைக்குது” என்றார். கையை எடுத்துவிட்டு எப்படி மாட்டுவது என்று கேட்டேன். அது என் பிரச்சினை என்பதுபோல் பார்த்தார்.

அடுத்த வாரம் ஜாபர் பாய் கடைக்குப் போனபோது அவர் ஒரு வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ‘மெக்கானிக் தேவையில்லை, வீட்டிலேயே பெல்ட் மாற்றலாம்’ என்று தலைப்பு. குரல் அந்தத் தம்பியுடையது. கைகள் என்னுடையவை. பாய் படத்தை நிறுத்தி, பெரிதாக்கி, என் கையை ஒருமுறையும் போனை ஒருமுறையும் பார்த்தார். “இந்தக் கட்டைவிரல் நகத்தை நான் எங்கயோ பார்த்திருக்கேனே!”

மீன் சாப்பிடப் போன கார்

நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கும் ஒருவர், ஒரு சனிக்கிழமை தன் காருக்குத் தானே பெல்ட் மாற்றினார். ஞாயிற்றுக்கிழமை மனைவி, மூன்று பெண்கள் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு ஜேடர்பாளையம் அணைக்கட்டுக்குப் போனார். குளித்துவிட்டு மீன் சாப்பிட்டு வருவதாகத் திட்டம். அணைக்கட்டுக்கு முன்னாலேயே பானெட்டிலிருந்து புகை மாதிரி ஆவி கிளம்பிவிட்டது. போனில் அவர் சொன்ன முதல் வார்த்தையே இதுதான்: “பெல்ட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்க, அதை நானே மாட்டியிருக்கறேன்.”

போய்ப் பார்த்தேன். பெல்ட் புத்தம் புதிது. இறுக்கமாகவும் இருந்தது. எங்கே ஓட வேண்டுமோ அங்கே மட்டும் ஓடவில்லை. எஞ்சினைக் குளிர வைக்கிற தண்ணீர் பம்பின் உருளையைத் தொடாமலே சுற்றி வந்திருந்தது. எப்படி ஐயா அளவு சரியாக வந்தது என்று கேட்டேன். முதலில் வாங்கியது நீளமாக இருந்ததாம், தொளதொளவென்று தொங்கியதாம். கடைக்காரனுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று திட்டி, சின்ன அளவாக மாற்றி வாங்கிவந்தாராம். அதாவது, தவறான பாதைக்குச் சரியான அளவு.

எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, என் வேனில் இருந்த பெல்ட்டை முறையாகப் போட்டு, தண்ணீர் ஊற்றி ஓடவிட்டேன். நல்லவேளை, எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்னும் நாலு மைல் ஓட்டியிருந்தால் அதை எடைக்குத்தான் போட்டிருக்க வேண்டும் என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. “அஞ்சு உருளையில நாலு சுத்துச்சுங்களே!” என்று வாதாடினார். அவர் மனைவி பக்கத்துக் கட்டைச் சுவரில் உட்கார்ந்து, கடையில் வாங்கிவந்த வறுத்த மீனை முள் எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: “எங்கூட்டுலயும் இதே கதைதானுங்க. நாங்க நாலு பேரு சுத்தறோம், இவரு ஒருத்தரு சும்மா உக்காந்திருந்தாலும் வண்டி ஓடும்னு நெனச்சுக்கறாரு.”

துண்டு

இது சிரிக்கிற கதை இல்லை. அவருக்கு மட்டும் அது தெரியவில்லை. மோகனூர்ப் பக்கம் வாழைத்தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டார். பெல்ட் எந்த உருளையில் கத்துகிறது என்று கண்டுபிடிப்பது எப்படி என்று கேட்டார். நான் மெஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன், கை நிறைய குழம்புச்சோறு. இடது கையால் போனைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு உருளையாகக் கையால் சுற்றிப் பாருங்கள் என்று சொல்ல ஆரம்பித்தேன். அந்தப் பக்கம் ஒரு இரைச்சல் கேட்டுக்கொண்டே இருந்தது. மோட்டார் ஓடுகிறதா என்று கேட்டேன். “இல்லீங்க, காருதான் ஓடுது. நான் குனிஞ்சு பாத்துட்டு இருக்கறேன்” என்றார்.

நான் எழுந்து நின்று, “சாவியைத் திருப்புங்க! கையை எடுங்க! தள்ளி நில்லுங்க!” என்று கத்தினேன். மெஸ்ஸில் பரிமாறுகிறவர் சோற்றுக் குண்டானோடு நின்றுவிட்டார். போனில் டர்ரென்று ஏதோ கிழிகிற சத்தம் வந்தது. அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. நான் பேர் சொல்லிக் கூப்பிடுகிறேன், பதில் இல்லை. இலையை அப்படியே விட்டுவிட்டு வேனை எடுத்துக்கொண்டு பறந்தேன். வழியெல்லாம் எது போயிருக்கும் என்று விரல் விரலாக நினைத்துக்கொண்டு போனேன்.

மனிதர் வாசலில் மோர் குடித்துக்கொண்டிருந்தார். தோளில் கிடந்த துண்டின் நுனி பெல்ட்டில் மாட்டி, ஒரே இழுப்பில் உள்ளே போய்விட்டது. துண்டு தோளில் சும்மா கிடந்ததால் தப்பித்தார். கழுத்தில் சுற்றியிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். போன் கீழே விழுந்து உடைந்ததால் பேச முடியவில்லையாம். வண்டி ஓடும்போது யாராவது உள்ளே குனிவார்களா என்று சத்தம் போட்டேன். அவர் ஒரு சொம்பு மோரை என்னிடமும் நீட்டிக்கொண்டு கேட்டார்: “வண்டிய நிறுத்துனா அது கத்தறதும் நின்னு போயிருதுங்களே, அப்பறம் எங்க கத்துதுன்னு எப்பிடிங்க கண்டுபுடிக்கறது?”

சுண்டைக்காய்

திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டி வைத்திருக்கும் ஒருவர், தன் காரின் பெல்ட்டைத் தளர்த்த, அந்த ஸ்பிரிங் கையின் மேல் ரிக்கில் பயன்படுத்துகிற இரும்புக் குழாயைச் சொருகி மிதித்திருக்கிறார். ஒரு ஸ்பேனரை மாட்டி மெதுவாகத் தள்ளினாலே தளர்ந்துவிடுகிற சாமான் அது. அதுவும் எதிர்ப்பக்கம் தள்ள வேண்டும். ஸ்பிரிங் கை முறிந்து, அந்தத் துண்டு பானெட்டில் பட்டு மேலே ஒரு புடைப்பை உண்டாக்கிவிட்டு, எஞ்சினுக்குள் எங்கேயோ விழுந்துவிட்டது. அதைத் தேடி எடுக்கவே எனக்கு அரைநாள். பெல்ட் மாற்றுவதற்கு என்று வந்த வேலை, ஸ்பிரிங், அதைத் தாங்குகிற சட்டம், பெயிண்ட் என்று மூன்று நாள் இழுத்தது. மூன்று நாளும் அவர் என் பின்னால் நின்றுகொண்டு ஒரே வசனத்தைத்தான் சொன்னார்: “ஆயிரம் அடி பாறையப் பொத்துத் தண்ணி எடுக்கறவனுங்க நானு, இந்தச் சுண்டக்காயி ஸ்பிரிங்கு எங்கிட்டயே மொறைக்குது பாருங்க!”

டீச்சர்

இந்த ஒன்றை எழுதாமல் விட்டிருக்கலாம். ராசிபுரத்தில் ஒரு அறிவியல் டீச்சர் தன் பழைய காருக்குத் தானே பெல்ட் மாற்றியிருந்தார். கணவர் வெளிநாட்டில் இருக்கிறார். தெருக்காரர்கள் கூடி நின்று, பொம்பளை மாட்டிய பெல்ட்டை நம்பி மலைப்பாதையில் ஏறாதீர்கள் என்று சொல்லிச் சொல்லி, ஒரு தடவை யாராவது பார்த்துவிடட்டும் என்று என்னைக் கூப்பிட வைத்துவிட்டார்கள். பானெட்டைத் திறந்து பார்த்தேன். பாதை சரி. உருளைகளில் தூசி இல்லை. கட்டைவிரலால் அழுத்தினால் எவ்வளவு அமுங்க வேண்டுமோ அவ்வளவுதான் அமுங்கியது. ஸ்டார்ட் செய்தால் பூனை நடக்கிற மாதிரி ஓடியது.

நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். ஆனால் பாருங்கள், அத்தனை தூரம் போய்விட்டு, தெருவே பார்த்துக்கொண்டு நிற்கும்போது, ஸ்பேனரைத் தொடாமல் எப்படி வருவது? “கொஞ்சம் லூசா இருக்குதுங்க” என்று சொல்லி, இறுக்குகிற போல்ட்டை அரைச் சுற்றுத் திருப்பினேன். ஸ்டார்ட் செய்தோம். விசில் அடித்தது. கால் சுற்றுத் தளர்த்தினேன். இன்னும் அடித்தது. இன்னும் கொஞ்சம் தளர்த்தினால் கீச்சிட்டது. அந்த அம்மா போட்டு வைத்திருந்த அதே இடத்துக்குத் திரும்பக் கொண்டுவர எனக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதுவரை அவர் டீ டம்ளரோடு பக்கத்தில் நின்று, மாணவன் கரும்பலகையில் தப்பாகக் கணக்குப் போடுவதைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். டீயை என் கையில் கொடுக்கும்போது ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார்: “நான் மாட்டுனப்ப கத்தலைங்க.”

ஒரு மணிப் படுக்கை

சேந்தமங்கலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். டிராக்டர் ஓட்டும் குமரேசன் என்பவர் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பதற்றமாகக் கூப்பிட்டார். முந்தின நாள் காரின் பெல்ட்டைக் கழற்றியிருக்கிறார், புதியதை மாட்ட முடியவில்லை. அவருடைய அப்பாவுக்குச் சிறுநீரகம் வேலை செய்யாது; வாரத்தில் இரண்டு நாள் நாமக்கல் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். அன்றைக்கு ஒரு மணிக்குப் படுக்கை. நான் பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தேன். வேப்பமர நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு, மருந்துச் சீட்டும் தண்ணீர் பாட்டிலும் வைத்த வயர்கூடையை மடியில் வைத்துக்கொண்டு பெரியவர் தயாராக உட்கார்ந்திருந்தார். கால் இரண்டும் வீங்கியிருந்தது. “பத்து நிமிசமுங்க ஐயா” என்றேன்.

பெல்ட்டை ஏன் மாட்ட முடியவில்லை என்பது உடனே தெரிந்துவிட்டது. நடுவில் இருந்த ஒரு உருளையின் பேரிங் இறுகிப்போய்ச் சுற்றவே இல்லை. அதைக் கழற்றலாம் என்றால் போல்ட் துருப்பிடித்திருந்தது. குமரேசனைப் பைக்கில் சேந்தமங்கலத்துக்கு விரட்டி உருளை வாங்கிவரச் சொன்னேன். பதினொன்றரைக்கு அவர் திரும்பி வந்து, “ஆட்டோவுக்குச் சொல்லிறலாமுங்களா?” என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “தேவையே இல்லை, இதோ ஆச்சு. தெரியாத வேலையில ஏன் கை வெச்சீங்க? அதும் அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போற வண்டியில?” என்று பெரியவர் காதுபடவே திட்டினேன். குமரேசன் தலையைக் குனிந்துகொண்டார். நான் அந்த போல்ட்டோடு மல்லுக்கட்டினேன். அதற்குள் ஆட்டோவே வந்து போயிருக்கும். பன்னிரண்டு இருபதுக்கு போல்ட்டின் தலை ஒடிந்து என் கையோடு வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பெரியவர் நாற்காலியிலிருந்து மெதுவாகக் கேட்டார்: “ஏஞ்சாமி, கோவிச்சுக்காதீங்க. நீங்க வந்த வண்டி ஓடுதுங்களா?”

பத்தடி தூரத்தில் என் வேன் நின்றுகொண்டிருந்தது. காலையிலிருந்து ஐந்து தடவை அதன் கதவைத் திறந்து சாமான் எடுத்திருக்கிறேன். அதில்தான் வந்தேன். அதற்குப் பெல்ட் இருக்கிறது, அது ஓடுகிறது. அந்த வீட்டில் கார் ஓடவில்லை என்பதே என் புத்தியில் நின்றதே தவிர, அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது நிற்கவில்லை. வெட்கத்தோடு எழுந்துபோய் முன்சீட்டில் கிடந்த ஜாக்கியையும் டப்பாக்களையும் வாரி வெளியே எறிந்தேன். குமரேசன் வீட்டுக்குள் ஓடி ஒரு போர்வையைக் கொண்டுவந்து சீட்டில் விரித்தார். இருவருமாகப் பெரியவரைத் தூக்கி உட்கார வைத்தோம். என் வேனில் ஏசி கிடையாது. வழியெல்லாம் அவருக்கு வியர்த்தது. நான் ஓட்டினேன், குமரேசன் பின்னாலிருந்து துண்டால் விசிறிக்கொண்டே வந்தார். ஒன்றே காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். நர்ஸ் அம்மா மூன்று பேரையும் நிற்க வைத்துத் திட்டினார். ஆனால் படுக்கையை இன்னொருவருக்குக் கொடுக்காமல் வைத்திருந்தார். அவருக்கு இன்றைக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஊசி ஏற்றி, இயந்திரம் ஓட ஆரம்பித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. குமரேசன் வெளியே சீட்டுப் போடப் போயிருந்தார். கறுப்பு படிந்த என் மணிக்கட்டைப் பெரியவர் தன் இன்னொரு கையால் பிடித்து, பக்கத்தில் குனியச் சொன்னார். “எம்பையனை இனித் திட்டாதீங்க சாமி. போற வழியில எனக்கு வேர்த்துக் கொட்டுதுன்னு, அந்த ஏசி நல்லா வரோணும்னுதான் பெல்ட்டைக் கழட்டுனான்.”

இத்தனை வருஷத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்றுதான்: பெல்ட் தானாக அறுந்தால் வண்டி மட்டும் நிற்கும், நாமாகக் கழற்றினால் மெக்கானிக்கோடு சேர்ந்து குடும்பமே வாசலில் வந்து நிற்கும்.